நாலாவது பங்கு

அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்
8 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தர்ஷினி எழுதுகிறேன். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. அதை அப்படியே அம்மா வாங்கிக்கொண்டாள். மற்றபடி வீட்டில் எல்லாரும் சுகம். கோயம்புத்தூர் பனியில் உன் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது?

நான் பள்ளிக்கூட வேலையை விட்டது உனக்குத் தெரியும். செப்டம்பரிலிருந்து சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கதை எழுதிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் போனில் கேட்கிற ஒலிக்கதை. கதைக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறோம். போன வாரம் வந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணோம். போன் போட்டுச் சத்தம் போட்டேன். கம்பெனியில் போனை எடுத்த பெண் பதறாமல், "அது டிடிஎஸ் மேடம்" என்றாள். சம்பளக்காரர்களுக்குத்தானே அதைப் பிடிப்பார்கள்? எனக்கென்ன சம்பளமா, போனஸா?

இன்னொன்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர், "எழுதிச் சம்பாதிக்கிறதுன்னா லைசென்ஸ் எடுக்கணும்மா, ஜிஎஸ்டி எடுக்கணும், மூவாயிரம் குடுத்தா எல்லாம் முடிச்சுத் தர்றேன்" என்கிறார். ஆடிட்டர் ஆபீசில் இருக்கிற நீ சொல், கொடுக்கலாமா?

நான் ஒருத்தி மட்டும் இல்லை, நாலு பங்கு. காசு வந்த அன்றே படகுக் கணக்கு மாதிரி பிரித்துவிடுகிறோம். யாருக்கும் மனக்குறை கிடையாது.

போனில் சொல்லாதே. நீ வேகமாகச் சொல்லுவாய், நான் "ம்" கொட்டுவேன், வைத்த பிறகு ஒன்றும் நினைவிருக்காது. எழுதி அனுப்பு.

உன் தங்கை,
தர்ஷினி

கோயம்புத்தூர்
19 ஜனவரி 2024

தர்ஷினிக்கு,

மூக்கடைப்பு என்னை விட்டுப் போவதாக இல்லை. அம்மாவைக் கஷாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டு. அப்பாவிடம் பீடியைப் பற்றிக் கேட்டேன் என்று சொல்.

உன் காசை யாரும் திருடவில்லை. எழுத்து வேலைக்குப் பணம் கொடுக்கும் கம்பெனி, வருஷத்தில் ஒரு அளவு தாண்டினால் பத்து சதவீதம் பிடித்து உன் பான் எண்ணில் அரசாங்கத்துக்குக் கட்டிவிட வேண்டும். அது உன் பணம்தான். வருமான வரித் தளத்தில் உன் பக்கத்தைத் திறந்தால் தெரியும். உன் மொத்த வருமானம் வரி வரும் அளவுக்கு இல்லையென்றால், ஜூலை முடிவதற்குள் கணக்குத் தாக்கல் செய்தால் முழுவதும் திரும்பி வரும். செய்யாவிட்டால் அங்கேயே கிடக்கும். நீ சத்தம் போட்டாயே, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேள்.

வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுவதற்கு இந்த நாட்டில் லைசென்ஸ் கிடையாது. ஜிஎஸ்டி, வருஷத்துக்கு இருபது லட்சம் தாண்டினால்தான். தாண்டும் அன்று எனக்கு ஒரு பட்டு வேட்டி எடுத்துக் கொடு. உத்யம் என்று ஒரு தொழில் பதிவு உண்டு. அதற்குக் கட்டணமும் இல்லை, கட்டாயமும் இல்லை. அந்த மூவாயிரத்துக்கு அம்மாவுக்கு மருந்து வாங்கு.

இப்போது உன் படகுக் கணக்குக்கு வருகிறேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். கரையில் மீன் விற்ற காசை டீசலும் ஐஸும் கழித்து, படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரித்துக் கையில் கொடுத்துவிட்டால் அன்றோடு முடிந்தது. கம்பெனிக்கு உன் ஒருத்தியை மட்டும்தான் தெரியும். வந்தது முழுவதும் உன் வருமானம். பங்கு கொடுத்ததைச் செலவாகக் காட்ட வேண்டுமானால் யாருக்கு, எந்த வேலைக்கு என்று கையெழுத்துப் போட்ட ரசீது வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் காசாகக் கையில் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். இனிமேல் எல்லாம் வங்கி வழியாகக் கொடு.

அந்த நாலு பேர் யார், என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று எழுது.

திருமுருகன்

அக்கரைப்பேட்டை
12 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா டாக்டரிடம் போய் வந்துவிட்டாள். இருமல் தேவலை. பீடி விஷயத்தைக் கேட்டதும் அப்பா அவசரமாக வலை பார்க்கக் கிளம்பிவிட்டார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

கேட்டதற்குப் பதில். ஒன்று நான். எழுதுகிறேன். இரண்டாவது நாகூர் நஃபீசா அக்கா. கதையில் எந்த இடத்தில் மழைச் சத்தம், எந்த இடத்தில் கதவுச் சத்தம் என்று குறிப்பு எழுதிக் கொடுப்பது அவர். மூன்றாவது எதிர்வீட்டுப் பூமிகா. தெருப்பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்துக் காட்டுவாள். எந்த இடத்தில் பிள்ளைகள் எழுந்து ஓடுகிறார்களோ அந்த இடத்தை வெட்டிவிடுவாள். என் நல்ல வாக்கியங்கள் பாதி அப்படித்தான் போயின.

நாலாவது படகுப் பங்கு. படகு பேசாவிட்டாலும் அதற்குப் பங்கு வைப்பதில்லையா? அதுபோலத்தான் நாங்கள் எழுதுகிற மடிக்கணினிக்கும்.

ரசீதுக்கு என்ன எழுத வேண்டும் என்று ஒரு மாதிரி அனுப்பு. கம்பெனிப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். எல்லாரும் முதல் தடவை சண்டை போடுவார்களாம்.

தர்ஷினி

கோயம்புத்தூர்
3 மார்ச் 2024

தர்ஷினிக்கு,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், நானே சமைத்ததை. அதனால் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

ரசீது மாதிரி இதோடு இருக்கிறது. அதில் படகு கையெழுத்துப் போட முடியாது. மடிக்கணினிக்குத் தேய்மானம் என்று கொஞ்சம் கழிக்கலாம், பங்கு கொடுக்க முடியாது. மீனவர் வீட்டில் பிறந்தவனிடமே படகுப் பங்கு என்று கதை விடுகிறாய்.

போன வாரம் உக்கடத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது உங்கள் கதைகளைக் கேட்டேன். ஒன்றில் ஒரு சிறுமி கலங்கரை விளக்கத்தைப் பார்த்து, "உனக்கென்ன, ராவெல்லாம் ஊரைச் சுத்திப் பாத்துட்டு பகல்ல நல்லாத் தூங்குற. எங்கப்பா எங்கன்னு கேட்டா மட்டும் வாயைத் தொறக்காத" என்கிறாள். அது நீ எழுதியதில்லை. உனக்குக் கோபம் வந்தால் கோபம் மட்டும்தான் வரும். திட்டிக்கொண்டே பாசம் காட்டுகிற அந்தப் பேச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் நம் வீட்டில் வந்து உட்கார்ந்து கதை எழுதுகிறாளா? நாலாவது பங்கு ஜெயாவுக்கா?

திருமுருகன்

அக்கரைப்பேட்டை
18 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. படகெல்லாம் கரையில் ஏறிவிட்டது. அப்பா நாள் முழுக்க வீட்டில் இருப்பதால் அம்மாவுக்குத்தான் நிம்மதி இல்லை.

உன் கடிதத்துக்கு ஒன்றரை மாதமாகப் பதில் எழுதவில்லை. நடுவில் நாலு தடவை போன் செய்தாய், எடுக்கவில்லை. எடுத்தால் உளறிவிடுவேன். முதலில் வரி விஷயம்: மார்ச் வரைக்குமான வங்கி விவரம் எடுத்துவிட்டேன். நஃபீசா அக்காவும் பூமிகாவும் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஆமாம் அண்ணா, அண்ணிதான். ஒன்பது கதையில் ஐந்து அண்ணி எழுதியது. கம்பெனிக்கு ரொம்பப் பிடித்தவையும் அவைதான். தன் பெயரில் பணம் வாங்கப் பான் கார்டு வேண்டும். அது நீ அண்ணிக்காக விண்ணப்பித்தது, உன்னிடமே வந்திருக்கும். உன்னிடம் கேட்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அதனால்தான் என் பெயரில் வாங்கிக் கையில் கொடுத்தேன். உன்னிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

இப்போது கம்பெனி ஒன்பது கதையையும் புத்தகமாகப் போடுகிறது. உரிமை ஒப்பந்தத்தில் எழுதியவர்கள் கையெழுத்தும் பான் எண்ணும் ஜூன் பாதிக்குள் வேண்டுமாம். அண்ணி என்ன சொல்கிறார் தெரியுமா? "ஒம்போதும் நீ எழுதினதுன்னு போட்டுக்க தர்ஷினி. எனக்குப் பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பெயர் வேண்டாமலா இருக்கும்? புத்தகத்தில் அந்த ஐந்து கதைக்கு மேல் என் பெயரைப் பார்த்தால் அதோடு எழுதுவதை விட்டுவிடுவார். எனக்குப் பயமாக இருக்கிறது.

என்ன செய்யட்டும்? எழுது. போன் வேண்டாம், அழுதுவிடுவேன்.

தர்ஷினி

கோயம்புத்தூர்
29 ஏப்ரல் 2024

தர்ஷினிக்கு,

நலம். இங்கே வெயில் ஆளைத் தின்கிறது.

ஒன்பதுக்கும் கையெழுத்துப் போடாதே. கதை யார் எழுதினார்களோ உரிமை அவர்களுக்கு. நீ போட்டால் அது பொய்க் கையெழுத்து. நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் கம்பெனி உன்னைத்தான் பிடிக்கும்.

கம்பெனியிடம் இரண்டு ஒப்பந்தம் கேள். உன் நாலு கதைக்கு ஒன்று, அவள் ஐந்துக்கு ஒன்று. பணமும் அவரவர் கணக்குக்கு வரட்டும். அவள் உன் படகில் ஏறிய கூலி ஆள் இல்லை. உனக்கு வரும் தொகை குறையும், குறையட்டும். ஒப்பந்தத்தில் "எல்லா உரிமையும் என்றென்றைக்கும்" என்று இருந்தால் அடிக்கச் சொல். தமிழில், ஒலியாகவும் அச்சாகவும், ஐந்து வருஷத்துக்கு என்று எழுதச் சொல். காலமே குறிப்பிடாவிட்டாலும் சட்டப்படி ஐந்து வருஷம்தான். ஆனால் எழுதியிருந்தால் பிறகு வாதம் வராது. சினிமாவாக எடுப்பது, வேறு மொழிக்குக் கொடுப்பது எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். புத்தகத்தில் பெயர் எப்படி வர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். அவள் அப்பா பெயரோடு போடுகிறாளா, வேறு விதமாகப் போடுகிறாளா, அது அவள் இஷ்டம்.

பான் கார்டை இதோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவள் போன மறு வாரம் வந்தது. கேட்டால் கொடுக்கலாம் என்று மேஜை டிராயரில் வைத்திருந்தேன். அவள் கையில் கொடு. அவளுக்கென்று தனியாக எழுத உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை.

திருமுருகன்

நாகப்பட்டினம்
2 ஜூன் 2024

உங்களை எப்படி அழைத்துத் தொடங்குவது என்று யோசித்ததில் நாலு தாள் வீணாகிவிட்டது. அதனால் அழைக்காமலே தொடங்குகிறேன். நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கார்டு வந்து சேர்ந்தது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். கையில் வாங்கியதும் தர்ஷினியிடம் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் அனுப்பித்தானா என் பெயர் வர வேண்டும் என்று இருந்தது. இரண்டு வாரம் கழித்து நானே போய் வாங்கிக்கொண்டேன். ஒப்பந்தத்தில் ஐந்து கதைக்கும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஜெயா மருதையன் என்று போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன திருத்தங்களைக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

எனக்குச் சில சந்தேகம். போன வருஷம் தர்ஷினி கையால் வாங்கிய பணத்துக்கு நான் கணக்குக் காட்ட வேண்டுமா? இந்த வருஷம் என் பெயரில் பிடிப்பதை எப்போது கேட்கலாம்? உங்கள் ஆபீசில் ஒரு கணக்குக்கு என்ன வாங்குகிறீர்கள்? அதை நான் கொடுத்துவிடுவேன். பெண்டாட்டி கணக்கு என்று சும்மா பார்க்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைத் தர்ஷினி காட்டினாள். நான் கேட்காமலே காட்டினாள். பஸ்ஸில் கேட்டதுமே அது என்னுடையது என்று தெரிந்ததாக எழுதியிருந்தீர்கள். கோயம்புத்தூரில் ஆறு மாதம் நான் எழுதியதையெல்லாம் உங்கள் கண்ணில் படவென்றே மேஜையில் வைத்தேன். நீங்கள் அதன் மேல் டீ டம்ளரை வைத்தீர்கள். காதால் கேட்டுக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அப்போது என்ன வந்தது? இதற்கும் பதில் வேண்டும். வரிக் கேள்விகளை முடித்துவிட்டு எழுதினால் போதும்.

ஜெயா

கோயம்புத்தூர்
10 ஜூன் 2024

ஜெயாவுக்கு,

நான் சுகம். உன் அப்பா சுகமா? என் பெயரைக் கேட்டால் அவருக்கு இரத்த அழுத்தம் ஏறும் என்றால் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

போன வருஷம் உனக்கு வந்த தொகை வரி வரும் அளவுக்கு இல்லை. தாக்கல் செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் செய்துவிடு. நாளைக்கு வங்கியில் கடன் கேட்டால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். தர்ஷினி கொடுத்ததற்கு ரசீது எழுதிக் கொடு, அவள் கணக்குக்கு வேண்டும். இந்த வருஷம் உன் பெயரில் பிடிப்பதை அடுத்த வருஷம் ஏப்ரலுக்குப் பிறகு தாக்கல் செய்து திரும்பக் கேட்கலாம். ஆபீசில் இதற்கு எழுநூற்றைம்பது வாங்குகிறோம். உனக்கும் அதுதான்.

அடுத்த கேள்வி. நீ எழுதியதை நான் படிக்கவே இல்லை. ஒரு வரி கூடப் படிக்கவில்லை. படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அதையாவது ஒரு பதிலாகச் சொல்லலாம். நீ வீட்டில் பொழுதுபோக எழுதுகிறாய் என்று நினைத்தேன். பஸ்ஸில் அந்தச் சிறுமி பேசிய பிறகுதான் அது தப்பு என்று தெரிந்தது. அப்புறம் ஒன்பது கதையையும் கேட்டேன். உன் ஐந்து எவை என்று குறித்துவைத்துத் தர்ஷினியிடம் சரிபார்த்தேன். நாலு சரி. ஒன்று அவளுடையதாம். அவளுக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

நான் ஒன்று யோசிக்கிறேன். ஜூலை வேலை முடிந்ததும் ஆபீசை விட்டுவிட்டு நாகப்பட்டினத்திலேயே தனியாகக் கணக்கு எழுதிக் கொடுக்கலாம். நீ சரி என்றால் ராஜினாமா எழுதிவிடுகிறேன். வேண்டாம் என்றாலும் எழுது, அத்தோடு உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. மூன்று வருஷம் அப்படி இருந்து பார்த்துவிட்டேன், முடியவில்லை.

திருமுருகன்

அக்கரைப்பேட்டை
27 ஜூன் 2024

அண்ணா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. அண்ணிக்கு நீ என்ன எழுதினாய்? கடிதத்தை இங்கேதான் வந்து பிரித்துப் படித்தார். அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. பாதி எழுதிய கதையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் பத்து நாளாக இந்தப் பக்கமே வரவில்லை. நேற்று நஃபீசா அக்கா போய்க் கேட்டதற்கு, "வேலையா இருக்கேன்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். பூமிகா என்னைத் திட்டுகிறாள், உன் மார்ச் கடிதத்தை அண்ணியிடம் காட்டியது நான் என்று. ரசீது மட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறார், கையெழுத்தோடு.

மறுபடியும் ஏதாவது எழுதிக் கெடுத்துவிடாதே. சும்மா இரு.

தர்ஷினி

நாகப்பட்டினம்
4 ஜூலை 2024

இந்தத் தடவையும் அழைப்பில்லாமலே தொடங்குகிறேன். அப்பா சுகம். நீங்கள் விசாரித்ததைச் சொன்னேன். செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார், இரத்த அழுத்தம் ஏறியதா இல்லையா என்று தெரியவில்லை.

எழுநூற்றைம்பதை உங்கள் ஆபீஸ் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். என் வங்கி விவரம் தர்ஷினி மெயிலில் வரும்.

ராஜினாமா எழுத வேண்டாம். மாசச் சம்பளம் இல்லாத இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்கு எழுதுகிற உங்களுக்கே தெரியவில்லையா? என்னைக் கேட்காமல் அன்றைக்குக் கோயம்புத்தூரில் வீடு பார்த்தீர்கள். இப்போது கேட்டுவிட்டு வேலையை விடுகிறேன் என்கிறீர்கள். முன்னேற்றம்தான், ஆனால் அவசரம் குறையவில்லை. நான் திரும்பக் கோயம்புத்தூர் வருவதாக இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கே, எப்படி என்பதையெல்லாம் நேரில் பேச வேண்டும். கடிதத்தில் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

பத்து நாள் யாரையும் பார்க்காமல் இருந்தேன். "படிக்கவே இல்லை" என்று நீங்கள் எழுதியது ரொம்ப வலித்தது. பிடிக்காமல் போயிருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவே பரவாயில்லை போலிருந்தது. அழுது தீர்த்த பிறகு பார்த்தால், நீங்கள் சமாளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். வேறு யாராக இருந்தாலும் ஆபீஸ் களைப்பு, வேலை அதிகம் என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

ஜூலை முடிந்ததும் ஒரு வாரம் லீவு போடுங்கள். உங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு பகலில் இங்கே வந்தால் போதும். அப்பா பேசமாட்டார், நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள். புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன். அதை உட்கார்ந்து படிக்க வேண்டும், என் எதிரில், கடைசி வரைக்கும். நன்றாக இருக்கிறது என்று பாதியிலேயே சொல்லக் கூடாது.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அது இருக்கட்டும், நீங்க வாங்க.

ஜெயா